கடைசியாக எப்போது செய்தாய்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் முந்தின கூட்டங்களில் பேசியாச்சு. நீங்கள் வேறு ஏதாவது சொல்லுங்கோ" என்றார். ஒரு வைத்தியரிடமிருந்து சீனியையும் பிரஷரையும் பறித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, என் கிளினிக்குக்கு அவ்வப்போது வரும் ஒரு சிறு கூட்டத்தைப் பற்றிப் பேசுவதென்று முடிவு செய்தேன். அவர்கள் விமானிகள், விமானியாகப் படிப்பவர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானிகளுக்கு உடல் தகுதிச் சான்றிதழ் கொடுப்பவள் நான் அல்ல. அதற்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபை நியமித்த பரிசோதகர்கள் வேறாக இருக்கிறார்கள். நான் காது, மூக்கு, தொண்டை பார்ப்பவள். ஆனால் நான் இருப்பது நுகேகொடையில். இரத்மலானை விமான நிலையம் அதிக தூரமில்லை. அங்கே சின்ன விமானங்களில் பழகும் பிள்ளைகளுக்குக் காது அடைத்தாலோ தலை சுற்றினாலோ யாராவது என்னிடம் அனுப்பிவிடுவார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டு, அவர்களுடைய விதிகளை நானும் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க எனக்கு வெட்கம் வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நுகேகொடை என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது ஒன்றுதான்: சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மெடிக்கல் எடுக்க, காலை வெயிலில் கோப்பையும் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. கண் பார்த்தார்கள், நிறை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், கேள்விகள் கேட்டார்கள். கார் ஓட்டுபவர்களுக்கு அத்தோடு எட்டு வருடத்துக்குக் கவலையில்லை. அந்த எட்டு வருடத்தில் நீங்கள் ஒரு நாளாவது ஸ்டியரிங்கைத் தொட்டீர்களா என்று யாரும் கேட்கப்போவதில்லை. என் மாமி ஒருவர் 1990களில் லைசென்ஸ் எடுத்தவர். இன்றுவரை காலி வீதியில் ஒரு தரமும் ஓட்டியதில்லை. ஆனால் லைசென்ஸ் மட்டும் எப்போதும் கைப்பையில் பத்திரமாக இருக்கும்.

விமானி விடயத்தில் அப்படி இல்லை. கையில் இருக்கும் அனுமதிப்பத்திரம் தனியாக ஒரு பயனும் தராது. அதோடு உடல் தகுதிச் சான்றிதழ் செல்லுபடியாக இருக்க வேண்டும். கூடவே, அண்மையில் பறந்த பழக்கமும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது தவறினாலும், இருபது வருட அனுபவமுள்ள விமானியும் அன்றைக்குப் பயணிதான்.

மெடிக்கலுக்கு உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இது. பயணிகள் விமானம் ஓட்டுபவருக்குச் சான்றிதழ் 12 மாதம். பொழுதுபோக்காகச் சின்ன விமானம் ஓட்டுபவருக்கு 60 மாதம். ஆனால் வயது நாற்பதைத் தாண்டினால் அது 24 மாதமாகிறது, ஐம்பதைத் தாண்டினால் 12. பயணிகளை ஏற்றிச் செல்பவர் அறுபதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வைத்தியர் முன் நிற்க வேண்டும். சர்வதேசப் பயணிகள் சேவையில் 65 வயதோடு நிறுத்தம். ஐம்பதுக்கு மேல் ஆண்டுதோறும் இசிஜி. என் வகுப்புக்காரிகள் சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. நாங்கள் கடைசியாக எப்போது இசிஜி எடுத்தோம் என்று இப்போது கேட்கமாட்டேன், பயப்பட வேண்டாம்.

தங்கைகள் அடிக்கடி கேட்பது கண்ணாடியைப் பற்றி. "கண்ணாடி போட்டால் பைலட் ஆகலாமா மிஸ்?" ஆகலாம். ஒவ்வொரு கண்ணிலும் தூரப்பார்வை 6/9 அளவாவது இருக்க வேண்டும் என்பது விதி. கண்ணாடி போட்டு அந்த அளவு கிடைத்தால் போதும். ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பறக்க வேண்டும், மேலதிகமாக இன்னொரு கண்ணாடியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த விதி. குறை இருப்பது குற்றமில்லை, அதற்கு மாற்று வைத்திருக்காததுதான் குற்றம் என்கிறது அது.

எனக்கு ஏன் பிடிக்கும் தெரியுமா? இந்த மண்டபத்துக்குப் பக்கத்து வகுப்பறையில், ஆண்டு 7இல், எனக்குக் கரும்பலகை தெரியாது. வெள்ளையாக ஏதோ ஓடும், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவளின் கொப்பியைப் பார்த்து எழுதினேன். பஸ் நிறுத்தத்தில் வருவது 138ஆ 176ஆ என்று பக்கத்தில் வரும்வரை தெரியாது. கூட நிற்பவள் கையை நீட்டினால் நானும் நீட்டுவேன். வீட்டில் சொல்லவில்லை. பொம்பிளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று அம்மம்மா பெரியக்காவைப் பற்றிச் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. ஒன்றரை வருடம் மறைத்தேன். கணக்குப் பாடம் எடுத்த மிஸ் ஒரு நாள் என் பக்கத்தில் இருந்தவளைத் தூக்கி வேறு வரிசையில் இருத்தினார். அன்றே பிடிபட்டுவிட்டேன். அவர் ஏசவில்லை. "எவ்வளவு நாளாக?" என்று மட்டும் கேட்டார். அந்த மிஸ் இன்று முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கு இது ஞாபகம் இருக்காது.

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். உங்கள் உட்காதுக்குள் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன. உயிரியல் கொப்பியில் எல்லோரும் கீறியிருப்பீர்கள். அவற்றுக்குள் திரவம். தேநீர்க் கோப்பையை மெல்லச் சுற்றிப் பாருங்கள். கோப்பை சுற்றும், தேநீர் முதலில் அப்படியே நிற்கும். விடாமல் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் தேநீரும் சேர்ந்து சுற்றத் தொடங்கும். கோப்பையைச் சட்டென்று நிறுத்தினால் தேநீர் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். காதும் அப்படித்தான். திருப்பம் தொடங்கும்போது மூளைக்குத் தகவல் போகும். அதே வேகத்தில் இருபது விநாடியளவு திரும்பிக்கொண்டே இருந்தால், திரவம் சமனாகி, நேராகப் போவதுபோல இருக்கும். அப்போது விமானத்தை உண்மையில் நேராக்கினால், எதிர்ப்பக்கம் திரும்புவதுபோல உடம்பு சத்தியம் செய்யும். முற்றத்தில் கைகோத்துச் சுற்றி விளையாடி நின்றதும் விழுந்தோமே, அதே விளையாட்டுத்தான். கண் திறந்திருந்து நிலமும் வானமும் தெரிந்தால் மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும். முகிலுக்குள்ளோ, இருட்டில் கடலுக்கு மேலேயோ, திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கருவிகளைப் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை, வெளிக்காட்சி தெரியாத நிலையில் விமானம் ஓட்டவைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிடத்துக்கு இரண்டு விநாடி குறைவு. நான் இதுவரை பேசிய நேரத்தில் அவர்கள் இரண்டு மூன்று தரம் விழுந்திருப்பார்கள்.

அதனால்தான் கருவிப் பறப்புக்கு என்று தனித் தகுதி இருக்கிறது. வெளியே பார்க்காமல், முன்னால் இருக்கும் கருவிகள் சொல்வதை மட்டும் வைத்து ஏறவும் திரும்பவும் இறங்கவும் தெரிந்தவர் என்ற தகுதி. 1999 ஜூலை 16ஆம் திகதி இரவு, ஜனாதிபதி கென்னடியின் மகன் தன் மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு கடலுக்கு மேலே பறந்தார். பனிமூட்டம். அவரிடம் விமானி அனுமதிப்பத்திரம் இருந்தது, கருவிப் பறப்புத் தகுதி இல்லை. அன்றைய பயணம் சட்டப்படி குற்றமும் இல்லை. மூவரும் இறந்தார்கள். இருட்டில் திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்று விசாரணை சொன்னது.

தகுதி இருந்தால் மட்டும் தப்பிவிடலாம் என்றும் இல்லை. 1978ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி இரவு, பம்பாயிலிருந்து டுபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்ற ஜம்போ விமானம், ஏறிய கொஞ்ச நேரத்தில் அரபிக்கடலில் விழுந்தது. 213 பேர். தலைமை விமானி நீண்டகால அனுபவமுள்ளவர். அவர் முன்னால் தொடுவானத்தைக் காட்டும் கருவி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சரிந்திருப்பதாகக் காட்டியது. கீழே கருங்கடல், மேலே கருவானம். அவர் இடப்பக்கம் சாய்த்தார், இன்னும் சாய்த்தார். மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சில விநாடிகள் கைநழுவிப் போயின.

மலையகத்தில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு ஏழு கன்னியர் மலையைத் தெரியும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த மார்ட்டின்எயார் விமானம் கட்டுநாயக்கவில் இறங்குவதற்குப் பதிலாக அந்த மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. விமான நிலையத்துக்கு இருந்த உண்மையான தூரத்தைவிடத் தாங்கள் கிட்ட வந்துவிட்டதாக நினைத்து விமானிகள் கீழே இறக்கியிருந்தார்கள். ஆக, உடம்பு சொல்வதை நம்பக்கூடாது, ஒற்றைக் கருவி சொல்வதையும் முழுசாக நம்பக்கூடாது. ஒன்றை ஒன்றோடு ஒப்பிடும் பழக்கம் ஓயாமல் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் சைக்கிள் ஓட்டுவதுபோல ஒரு தரம் வந்தால் நிலைத்து நிற்பதில்லை, விட்டால் தேயும்.

எனவே திகதிக் கணக்கு. அமெரிக்க விதியில், கருவிப் பறப்புத் தகுதி உள்ளவர் கடந்த ஆறு மாதத்துக்குள் கருவிகளை வைத்து ஆறு தரமாவது ஓடுபாதையை அணுகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகிலுக்குள் போகக்கூடாது. அப்படி விட்டுப்போனவர் என்ன செய்யலாம் என்பதையும் விதியே சொல்கிறது. நல்ல வெயில் நாளில், வெளிக்காட்சி தெரியாமல் முகத்துக்கு மறைப்புப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கண் திறந்திருக்கும் இன்னொரு விமானியை வைத்துக்கொண்டு பழகலாம். இன்னும் ஆறு மாதம் விட்டுவிட்டாலோ பரிசோதகர் முன்னால் செய்து காட்ட வேண்டும். பெரிய விமானங்களில் 90 நாளுக்குள் மூன்று தரமாவது ஏற்றி இறக்கியிருக்க வேண்டும், அது சிமுலேட்டரிலும் இருக்கலாம். ஆண்டுக்கு இரண்டு தரம் தேர்ச்சிச் சோதனையும் உண்டு. கொரோனா காலத்தில் நம் விமான நிலையங்கள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு 2021 ஜனவரியில்தான் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது ஞாபகமிருக்கும். அப்போது உலகம் முழுக்க விமானிகளுக்கு இந்தத் திகதிகள்தான் தலையிடி.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் குறிப்பு. கர்ப்பமான விமானி, சிக்கலில்லாத கர்ப்பமாக இருந்தால், 12ஆம் வாரம் முடிந்ததிலிருந்து 26ஆம் வாரம் முடியும்வரை பறக்கலாம் என்று சர்வதேசப் பரிந்துரை இருக்கிறது. பிள்ளை பிறந்தபின் மறுபடியும் வைத்தியரிடம் போய்த் தகுதி பெற வேண்டும். அதற்குள் 90 நாள் கணக்கும் போயிருக்கும். எனவே முதலில் சிமுலேட்டர், பிறகு பரிசோதகர், பிறகுதான் பயணிகள். இதில் யாரும் அவளுடைய கெட்டித்தனத்தைச் சந்தேகிக்கவில்லை, திகதியை மட்டும் பார்க்கிறார்கள்.

எனக்கு வெட்கம் வந்தது இங்கேதான்.

இரண்டாவது மகன் பிறந்தபோது நான் மேற்படிப்பில் இருந்த வைத்தியர். லீவெல்லாம் சேர்த்துப் பத்து மாதம் வீட்டில். வேலைக்குத் திரும்பிய இரண்டாவது இரவே கடமையில் நான்தான். எந்த வைத்தியசாலை என்பது இங்கே முக்கியமில்லை, அன்றைக்கு எங்கேயும் அப்படித்தான். ஒரு முச்சக்கரவண்டிச் சாரதியைக் கொண்டுவந்தார்கள். பல்லில் பிடித்த கிருமி தாடைக்குக் கீழே பரவி, நாக்கு மேலே தள்ளி, கழுத்து வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்க வேண்டும். நான் எத்தனையோ பேருக்குச் செய்தது. புத்தகத்தில் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்வேன். கையுறை போட்டேன், கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கு அடையாளம் பிடிபடவில்லை. வீக்கத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. கை நின்றது. ஒரு நாலைந்து விநாடிதான். வேறு யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

கவனித்தவர் எதிரே நின்ற மூத்த தாதி. சிங்களத்தில், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "டொக்டர், கடைசியாக எப்போது செய்தீர்கள்?"

பொய் சொல்ல வாய் வந்தது. உண்மையாகவே வந்தது. நாற்பது பேருக்குச் செய்திருக்கிறேன் என்று சொல்லலாம், அது பொய்யுமல்ல. ஆனால் அவர் கேட்டது எத்தனை என்றல்ல, எப்போது என்று. "பத்து மாதம்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, பக்கத்து விடுதியில் இருந்த என் மேலதிகாரியான நிபுணரைக் கூப்பிட்டார். நோயாளிக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு இருந்தது, அவர் வர நேரமும் இருந்தது. வந்தவர் என் கையிலிருந்து கத்தியை வாங்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்று, "நீயே செய், நான் பார்க்கிறேன்" என்றார். செய்தேன். அந்தச் சாரதி ஒன்பது நாளில் வீட்டுக்குப் போனார்.

முகத்துக்கு மறைப்புப் போட்ட விமானியின் பக்கத்தில் கண் திறந்திருக்கும் இன்னொருவர் என்ற அந்த விதியைப் பல வருடம் கழித்துப் படித்தபோது, அந்த இரவுதான் கண்ணுக்குள் வந்தது. விமானிக்கு அது எழுதிவைத்த ஏற்பாடு. எனக்கு அது ஒரு தாதியின் தைரியம். அன்றைக்கு அவர் இடத்தில் பயந்த ஒரு சின்னப் பிள்ளை நின்றிருந்தால்? அந்த மனிதரின் பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

இப்போது நான் பொறுப்பாக இருக்கும் இடத்தில் ஒரு சிஆர் கொப்பி வைத்திருக்கிறோம். அவசரமாகச் செய்ய வேண்டிய, ஆனால் அடிக்கடி வராத ஐந்து வேலைகள். ஒவ்வொரு வைத்தியரும் தான் கடைசியாகச் செய்த திகதியை எழுத வேண்டும், நானும்தான். ஆறு மாதம் தாண்டினால் அடுத்ததைப் பக்கத்தில் ஒருவர் நிற்கச் செய்ய வேண்டும், அல்லது பொம்மையில் பழக வேண்டும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் சிரிப்பு. "இதென்ன ரியூசன் வரவுப் பதிவேடா?" என்று ஒருவர் கேட்டார். சட்டம் ஒன்றும் இல்லை, எழுதாவிட்டால் நான் ஒன்றும் செய்யவும் முடியாது. ஆனாலும் எழுதுகிறார்கள். சிலர் பென்சிலால் எழுதுகிறார்கள், அது வேறு கதை.

கடைசியாக ஒன்று. இவ்வளவு விதியும் ஓர் இடத்தில் வந்து நிற்கிறது. பரிசோதகர் ஆண்டுக்கு ஒரு நாள் பார்க்கிறார். மிச்சம் 364 நாளும் யார் பார்ப்பது? அதற்கும் விதி இருக்கிறது: தன் உடல்நிலை குறைந்திருப்பது தெரிந்தால், சான்றிதழில் திகதி மிச்சமிருந்தாலும், விமானி தானாகவே பறப்பதை நிறுத்த வேண்டும். அதாவது அவரே சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகுமென்றால் யார் சொல்வார்கள்? 2015 மார்ச் 24ஆம் திகதி ஜேர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே மலையில் மோதி, 150 பேர் இறந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அவர் மனநோய்க்குப் பல வைத்தியர்களைப் பார்த்தவர். வேலைக்குப் போகக்கூடாது என்று வைத்தியர் கொடுத்த கடிதங்கள் கிழிந்த நிலையில் வீட்டில் கிடந்தன. பறக்கும் உரிமை போய்விடும் என்ற பயம் விசாரணை அறிக்கையிலேயே பேசப்பட்டது. அவர் செய்ததற்கு அது நியாயமாகாது. ஆனால் அதன் பிறகு ஐரோப்பாவில், விமானிகள் சக விமானிகளிடம் பயமில்லாமல் மனம்விட்டுப் பேச ஓர் அமைப்பை ஒவ்வொரு விமான நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களைக்கூட, நிலைமை சீரானபின் கண்காணிப்போடு பறக்க அமெரிக்கா 2010இலிருந்து அனுமதிக்கிறது. கண்ணாடி விதியின் தங்கச்சிதான் இதுவும்.

கொஞ்சக் காலத்துக்கு முன் என்னிடம் ஒரு பிள்ளை வந்தாள். பறக்கப் பழகுபவள், இருபது வயது இருக்கும். தடிமன் காய்ச்சலுக்குப் பிறகு படுக்கையில் திரும்பினால் தலை சுற்றுகிறது. பரிசோதித்துவிட்டுப் பேனையை எடுத்தேன். "டொக்டர், இதை எழுதாமல் விடலாமா?" என்றாள். அப்பா நகையை அடகு வைத்துத்தான் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காசு கட்டுகிறாராம். எனக்கு ஆண்டு 7 ஞாபகம் வந்தது. நான் எழுதினேன். ஆனால் எழுதிய பிறகு அவளை அனுப்பிவிடவில்லை. அரை மணித்தியாலம் இருத்தி, இது எதனால் வருகிறது, எத்தனை நாளில் அடங்கும், எப்போது மறுபடி என்னிடம் வர வேண்டும், பரிசோதகருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் அப்பாவோடும் பேசினேன். அவர் கோபப்பட்டார், நியாயம்தான். ஆறு வாரம் கழித்துச் சுற்று முற்றாக நின்றது. மறுபடி பறக்க விட்டார்கள். அந்த ஆறு வாரத்தின் காசை நான் கொடுக்க முடியாது. அதை நான் இன்னும் நினைப்பதுண்டு.

செயலாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அதிபரிடம் ஏற்கெனவே அனுமதி கேட்டுவிட்டேன். வருகிற மாதம் முதல் சனிக்கிழமை காலை எட்டரைக்கு, என் வகுப்பைச் சேர்ந்த கண் வைத்தியர் ஒருவரும் நானும் பார்வை அட்டையோடு வருகிறோம். தரம் 6இலிருந்து 9வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணும் காதும் பார்ப்போம். பெயர் எழுத, வரிசையில் நிறுத்த, பத்துப் பேர் உதவிக்கு வேண்டும். கண்ணாடி தேவைப்படும் பிள்ளைகளுக்குச் சங்கம் வாங்கிக் கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறது. பெயர் தர விரும்புபவர்கள் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் என்னைப் பிடியுங்கள்.